மருந்துக்கு முந்தித் தண்ணீர்

2006 ஓகஸ்ட் முதல் வாரம் மூதூரில் சண்டை மூண்டபோது, முஸ்லிம்கள் உடுத்த உடுப்போடு கந்தளாய்க்கு ஓடினார்கள். பாடசாலைகள் முகாம்களாயின.

முகாமில் வைத்தியம் என்பது ஊசியும் குளிசையும் மட்டுமல்ல. நெரிசலில் கைப்பிள்ளைகளுக்கு வயிற்றோட்டமும் சின்னமுத்தும் சட்டென்று பரவும். சீனி வருத்தக்காரர் கிளினிக் கொப்பியை விட்டுவிட்டு வந்தால், என்ன மருந்து, எவ்வளவு என்று டாக்டருக்கே தெரியாது. மறைவான மலசலகூடம் இல்லாவிட்டால் பிள்ளைத்தாச்சிப் பெண்கள் தண்ணி குடிக்காமலே இருந்துவிடுவார்கள். நோய் அங்கேதான் தொடங்கும்.

அதனால்தான் 'ஸ்பியர்' என்ற சர்வதேச நிவாரண அளவுகோல், ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீரும் 20 பேருக்கு ஒரு மலசலகூடமும் கேட்கிறது.

இந்தத் தண்ணீர் வேலைக்கு வந்தவர்களுக்கு நடந்தது என்ன? ஓகஸ்ட் 4 இல், ஏ.சி.எஃப். என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் 17 பேர் மூதூர் அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். சுனாமியில் அடிபட்ட சனத்துக்கு உதவியவர்கள். அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

உதவுகிறவர் உயிருக்கே காவல் இல்லையென்றால் நோயாளிக்கு வைத்தியம் ஏது? அந்த நீதியை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேணும். அதோடு, ஒவ்வொரு மஹல்லாவிலும் நாட்பட்ட நோயாளர், பிள்ளைத்தாச்சிகள், நடக்க ஏலாதவர்கள் பெயர்ப்பட்டியல் ஒன்றை இப்போதே எழுதி வைக்கலாம்.