மேடையும் ஒரு கல்விக்கூடமே

பள்ளி, கல்லூரி விழாக்கள் நெருங்குகையில், பூவத்திலும் காரைக்காலிலும் பெற்றோர் சிலர், "நாடகம் சோறு போடுமா?" என்று பிள்ளைகளைத் தடுப்பதுண்டு. அக்கேள்விக்கு ஓர் இளைஞரின் வாழ்வே விடை பகர்கின்றது.

1972-ஆம் ஆண்டில் சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரி மாணவர் மோகன், கல்லூரிகளுக்கிடையேயான நாடகப் போட்டிக்கென ஒரு நகைச்சுவை நாடகம் எழுதி, தாமே நடித்தார். சிறந்த எழுத்தாளர், சிறந்த நடிகர் எனும் இரு பரிசுகளையும் அவருக்கு வழங்கியவர், சிறப்பு விருந்தினராக வந்த நடிகர் கமலஹாசன். அந்த ஊக்கம் வீண்போகவில்லை. 1976-இல் எஸ்.வி. சேகரின் குழுவுக்கென ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ எழுதினார்; அன்றுமுதல் ‘கிரேஸி’ மோகனானார். 1979-இல் சொந்தக் குழு அமைத்தார். பின்னாளில், அன்று பரிசளித்தவர் நடித்த ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) முதலிய படங்களுக்கே உரையாடல் தீட்டினார். 2019-இல் மறையும்வரை நாடகத்தை விட்டாரில்லை.

ஒன்றைக் கருத்திற்கொள்க: அவர் படிப்பைக் கைவிடவில்லை. பொறியியற் பட்டம் பெற்று, தொழில் நிறுவனத்தில் பணியாற்றியவாறே கலையையும் வளர்த்தார்.

புனித தொன்போஸ்கோ சிறுவனாயிருக்கையில் கயிற்றின்மேல் நடந்தும் வித்தைகள் காட்டியும் ஊராரைக் கூட்டி, அவர்களைச் செபமாலை சொல்லச் செய்தார். பின்னர் தம் இளைஞர் இல்லங்களில் நாடகத்துக்கும் இசைக்கும் இடமளித்தார்.

ஆகவே, அன்பார்ந்த பெற்றோரே! படிப்புக்குரிய நேரத்தை வரையறுங்கள். ஒத்திகைக்கும் சிறிது நேரம் விடுங்கள். விழாவன்று தவறாது சென்று அமருங்கள். தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனைத் தலைவன் கடிந்துகொண்டதை நற்செய்தியில் கேட்டிருக்கிறோம். பிள்ளையின் தாலந்தைப் பெற்றோரே புதைத்தல் தகுமோ?