புத்தகம் போய் அட்டை வந்தது
டிரைவிங் லைசென்சு மாறிய கதை

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், விவேக்நகர் என்று தமிழர்கள் நிறைந்த பகுதிகள் பல. அங்கே வயதான டிரைவர் ஒருவரிடம் "லைசென்சு இருக்கிறதா?" என்று கேட்டால் இரண்டு பொருள்கள் வெளியே வரும்.

ஒன்று, சட்டைப் பையில் இருக்கும் பிளாஸ்டிக் அட்டை. மற்றொன்று, கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் சிறு புத்தகம். ஓரம் கிழிந்திருக்கும். பக்கங்கள் பழுப்பேறி இருக்கும்.

போலீசாரிடம் காட்ட அட்டை போதும். ஆனால் அவர் ஆசையோடு எடுத்துக் காட்டுவது புத்தகத்தைத்தான். அதில் அவருடைய வாலிப முகம் இருக்கிறது. அவர் குடியிருந்த வீடுகளின் விலாசங்கள் இருக்கின்றன. அவர் உழைத்த ஆண்டுகள் முத்திரை முத்திரையாகப் பதிந்து கிடக்கின்றன.

"அட்டை வந்த பிறகு இந்தப் பழைய புத்தகம் எதற்கு?" என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்பது உண்டு. எறிந்து விடலாமா, கூடாதா? அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் லைசென்சு மாறி வந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

படம் யாருக்கு?

இந்தியாவில் மோட்டார் வண்டிகளுக்காக 1914-ல் ஒரு சட்டம் வந்தது. அதன் பிறகு 1939-ல் விரிவான மோட்டார் வாகனச் சட்டம் பிறந்தது. 50 ஆண்டுகள் அந்தச் சட்டமே நடைமுறையில் இருந்தது. 1960, 70-களில் பிழைப்புத் தேடி பெங்களூர் வந்து கலாசிபாளையத்தில் லாரி ஏறிய தமிழ் டிரைவர்கள் வாங்கியது அந்தச் சட்டப்படியான லைசென்சைத்தான்.

அந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவரும், லாரி, பஸ், டாக்சி ஓட்டுகிறவரும் லைசென்சில் போட்டோ ஒட்டியாக வேண்டும். சொந்தக் காரை ஓட்டும் முதலாளிக்குப் பொதுவாக அந்தக் கட்டாயம் இல்லை. அவருக்குக் கையெழுத்தே போதும்! அதிகாரி காரணம் எழுதிக் கேட்டால்தான் அவர் படம் கொடுக்க வேண்டும்.

முதலாளியின் சொல்லை நம்பினார்கள். தொழிலாளிக்குப் படம் கேட்டார்கள்.

இங்கிலாந்தில் 1904-ல் 5 ஷில்லிங் கட்டியவருக்கு லைசென்சு கிடைத்தது. பரீட்சைகூடக் கிடையாது. லைசென்சில் படம் போடும் வழக்கம் அங்கே 1998-ல்தான் வந்தது. அதுவரை வெறும் காகிதம்தான்.

இங்கே தொழிலாளிக்குப் படம் கேட்டதில் ஒரு நன்மையும் விளைந்தது. அந்த நாளில் ஏழை எளியவர் கையில், அரசாங்க முத்திரையோடு முகம் பதிந்த காகிதம் வேறு எது இருந்தது? எச்.ஏ.எல்., பி.இ.எம்.எல்., ஐ.டி.ஐ. போன்ற தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்குக் கம்பெனி அடையாள அட்டை இருந்தது. மற்றவர்களில் டிரைவருக்கு லைசென்சு இருந்தது. மூட்டை தூக்கியவருக்கும் கட்டட வேலை செய்தவருக்கும் அதுவும் இல்லை.

வாக்காளர்களுக்குப் படத்துடன் அடையாள அட்டை கொடுக்க வேண்டும் என்று தேர்தல் கமிஷன் 1993-ல் உத்தரவிட்டது. அப்போது தலைமைத் தேர்தல் கமிஷனராக இருந்தவர் டி.என்.சேஷன். வண்டி ஓட்டத் தெரியாத தொழிலாளிக்கும் அரசாங்கம் தந்த முகம் கிடைத்தது அதன் பிறகுதான்.

புத்தகம் சொன்ன கதை

1988-ல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் நிறைவேறியது. 1989 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அதையொட்டி வந்த மத்திய விதிகளில் லைசென்சு எப்படி இருக்க வேண்டும் என்று இரண்டு மாதிரிகள் சொல்லப்பட்டன. 6-ம் எண் படிவம் புத்தகம். 7-ம் எண் படிவம் அட்டை. எந்திர வசதி உள்ள ஆபீசு அட்டை கொடுக்கும். இல்லாத ஆபீசு புத்தகம் கொடுக்கும். இனி முதலாளி, தொழிலாளி எல்லாருக்கும் படம் உண்டு.

புத்தகத்தில் புதுப்பித்த தேதிகளுக்குத் தனி இடம் இருந்தது. விலாசம் மாறினால் எழுத இடம் இருந்தது. கோர்ட்டில் தண்டனை பெற்றால் அதைக் குறிக்கவும் இடம் விட்டிருந்தார்கள்! ஒருவர் புத்தகத்தைப் புரட்டினால் அவர் எத்தனை ஆண்டு ஓட்டினார், எங்கெங்கே குடியிருந்தார், வம்பில் மாட்டினாரா என்பதெல்லாம் தெரிந்துவிடும். லாரி முதலாளிக்கு அதைவிட நல்ல சிபாரிசுக் கடிதம் வேண்டியதில்லை.

நாட்டின் வரலாறும் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. சென்னை மாநிலம் 1969-ல் தமிழ்நாடு ஆனது. மைசூர் மாநிலம் 1973 நவம்பர் 1-ந் தேதி கர்நாடகம் ஆனது. பெங்களூர் 2014 நவம்பர் 1-ந் தேதி ஆங்கில எழுத்திலும் பெங்களூரு ஆனது. வேலூரில் லைசென்சு எடுத்து பெங்களூரில் புதுப்பித்தவரின் புத்தகத்தில் இந்தப் பெயர்களில் பலவற்றைப் பார்க்கலாம்.

எழுத்து மாறினால் வயிறு காயும்

லைசென்சில் எந்த வண்டி ஓட்டலாம் என்பதைச் சில ஆங்கில எழுத்துகளில் சுருக்கிப் போடுகிறார்கள். பலர் அதைப் படித்துப் பார்ப்பதே இல்லை. ஆனால் பிழைப்பு அந்த எழுத்துகளில்தான் இருக்கிறது.

முன்பு நடுத்தர லாரி, கனரக லாரி, நடுத்தர பஸ், கனரக பஸ் என்று தனித்தனி வகைகள் இருந்தன. 1994-ல் சட்டத்தைத் திருத்தி, எல்லாவற்றையும் 'போக்குவரத்து வாகனம்' என்று ஒரே வகையில் சேர்த்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் முளைத்தது. இலகு ரக வாகன லைசென்சு வைத்திருப்பவர் வாடகை டாக்சியோ சிறிய சரக்கு வண்டியோ ஓட்டலாமா? அட்டையில் 'போக்குவரத்து' என்ற சொல் இல்லையே! விபத்து நடந்தால் இன்சூரன்சு கம்பெனிகள் இதைச் சொல்லிப் பணம் தர மறுத்தன. வழக்குகள் குவிந்தன.

2017-ல் சுப்ரீம் கோர்ட்டு, தனியாக எழுத வேண்டியதில்லை என்று தீர்ப்புக் கூறியது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்ற கேள்வி 5 நீதிபதிகள் கொண்ட பெஞ்சுக்குப் போனது. 2024 நவம்பர் 6-ந் தேதி அந்த பெஞ்சும் அதையே உறுதி செய்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத போக்குவரத்து வண்டியை இலகு ரக லைசென்சு வைத்திருப்பவர் ஓட்டலாம். சிறிய டெம்போ ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஒரே நாடு, ஒரே அட்டை

அட்டை வந்த காலத்தில் மாநிலத்துக்கு ஒரு நிறம், மாநிலத்துக்கு ஓர் அமைப்பு என்று இருந்தது. ஒரு மாநிலத்தில் படம் இடது பக்கம். இன்னொரு மாநிலத்தில் வலது பக்கம். ஓர் ஊர் அட்டையை வேறு ஊர் போலீசார் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

இதை மாற்ற மத்திய அரசு 2019 மார்ச் 1-ந் தேதி அறிவிப்பு வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் நாடு முழுவதும் ஒரே மாதிரி அட்டை என்று முடிவானது. செல்போனால் படித்தறியும் கட்டம் கட்டமான 'கியூ.ஆர்.' குறியும் அதில் சேர்ந்தது. அட்டையின் அளவு ஏ.டி.எம். அட்டையின் அளவுதான். நீளம் 85.6 மில்லி மீட்டர். அகலம் சுமார் 54 மில்லி மீட்டர். உலக நாடுகள் பலவும் பின்பற்றும் அளவு இது.

அட்டையில் உள்ள எண்ணுக்கும் பொருள் உண்டு. முதல் இரண்டு எழுத்து மாநிலம். அடுத்த இரண்டு எண் ஆபீசு. அடுத்த நான்கு எண் லைசென்சு வாங்கிய ஆண்டு. கடைசி ஏழு எண் வரிசை எண். கே.ஏ. 01 என்றால் கோரமங்களா. 03 இந்திரா நகர். 05 ஜெயநகர். 08 கோலார் தங்கவயல். டி.என். 70 என்றால் ஓசூர். தங்கச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. ஆனால் தங்கவயலின் எண் அதன் பிள்ளைகளின் அட்டைகளில் இன்னும் ஊர் ஊராகச் சுற்றுகிறது.

'ழ' படும் பாடு

புத்தகம் இருந்தபோது குமாஸ்தா கையால் பெயரை எழுதினார். ஓர் எழுத்து முன்னே பின்னே இருந்தாலும் படத்தைப் பார்த்து விட்டுவிடுவார்கள். கம்ப்யூட்டர் அப்படி விடாது.

தமிழர் பெயருக்கு இங்கே இரட்டைச் சோதனை. அழகேசன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய கன்னடத்தில் 'ழ' வழக்கில் இல்லை. 'ள' போட்டு எழுதுவார்கள். ஆங்கிலத்தில் ஒருவர் 'இசட்.எச்.' போடுவார். இன்னொருவர் 'எல்' போடுவார். தமிழில் 'க' ஒன்றுதான். கன்னடத்தில் நான்கு. எதைப் போடுவது என்பது எழுதுகிறவர் காதைப் பொறுத்தது.

அடுத்தது இனிஷியல். தமிழர் வழக்கப்படி தகப்பனார் பெயரின் முதல் எழுத்து முன்னால் வரும். விண்ணப்பப் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். ஓர் அட்டையில் இனிஷியல் முன்னால், ஓர் அட்டையில் பின்னால், ஆதாரில் தகப்பனார் பெயர் முழுதாக என்று ஆகிவிடும். ஒரே ஆள் கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள்! பி.எப். பணம் வாங்கப் போகும்போதுதான் இதன் வலி தெரியும்.

பள்ளிச் சான்றிதழ் இருந்தால் அதில் உள்ளபடியே எல்லா அட்டைகளிலும் ஆங்கில எழுத்தை வைத்துக்கொள்வது நல்லது. பிழை இருந்தால் அவசரம் வருவதற்கு முன்பே திருத்திவிட வேண்டும்.

அட்டையும் வேண்டாமா?

2018-ல் விதியைத் திருத்தி, லைசென்சைச் செல்போனில் காட்டலாம் என்றார்கள். 'டிஜிலாக்கர்', 'எம்-பரிவாகன்' என்ற அரசு செயலிகளில் உள்ள லைசென்சு செல்லும். சும்மா கேமராவில் எடுத்து வைத்த படம் செல்லாது. இந்த வேறுபாடு தெரியாமல் அபராதம் கட்டுகிறவர்கள் உண்டு.

முன்பு குற்றம் செய்தால் புத்தகத்தில் எழுதினார்கள். 2020 அக்டோபர் 1 முதல் தகுதி நீக்கம் போன்ற விவரங்கள் அரசின் கம்ப்யூட்டர் தளத்திலேயே தேதிவாரியாகப் பதிவாகின்றன. ஆக, உண்மையான லைசென்சு இப்போது சட்டைப் பையில் இல்லை. 'சாரதி' என்ற அரசு கம்ப்யூட்டர் பதிவேட்டில் இருக்கிறது. அட்டை அதற்கு ஒரு சாவி, அவ்வளவுதான்.

புத்தகத்தை என்ன செய்வது?

இங்கேதான் டிரங்குப் பெட்டிப் புத்தகத்தின் அருமை தெரியும். கையால் எழுதிய பழைய லைசென்சுகள் எல்லாமே கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன என்று சொல்ல முடியாது. ஏறாமல் விட்டுப் போனால், எத்தனை ஆண்டு ஓட்டியவரானாலும் கம்ப்யூட்டர் அவரை "தெரியாது" என்று சொல்லிவிடும். அப்போது அவர் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் புத்தகம்தான். அதில் உள்ள எண்ணையும் தேதியையும் லைசென்சு கொடுத்த ஆபீசின் பழைய ரிஜிஸ்தரோடு ஒப்பிட்டுத்தான் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியும்.

தமிழ்நாட்டில் வாங்கிய லைசென்சு இங்கே செல்லாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது தவறு. எந்த மாநிலத்தில் கொடுத்த லைசென்சும் இந்தியா முழுவதும் செல்லும். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் புதுப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி வண்டிக்குத்தான். ஆளுக்கு அல்ல. குடியிருக்கும் ஊரிலேயே புதுப்பிக்கவும் செய்யலாம்.

ஆனால் கெடு தவறக்கூடாது. போக்குவரத்து வாகன லைசென்சு இப்போது 5 ஆண்டு செல்லும். லைசென்சு முடிந்து ஓர் ஆண்டு தாண்டிவிட்டால் மறுபடியும் ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். 30 ஆண்டு லாரி ஓட்டியவர், நேற்றுப் பழகிய பையனோடு வரிசையில் நிற்க வேண்டி வரும்.

ஆகவே, பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் ஒரு காரியம் செய்யலாம். வீட்டில் படித்த பிள்ளையை விட்டு, லைசென்சு எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்து, அரசுத் தளத்தில் பெயர் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் கவலை இல்லை. வராவிட்டால், உடம்பில் தெம்பு இருக்கும்போதே புத்தகத்தோடு லைசென்சு கொடுத்த ஆபீசுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

பெயர் வந்தாலும் புத்தகத்தை எறிந்துவிட வேண்டாம். அட்டை உங்களை யார் என்று சொல்லும். எப்படி வாழ்ந்தீர்கள் என்பதைப் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்ல அந்தப் பழுப்புப் பக்கங்கள் வேண்டும்.