ஈரத்தில் நிற்கும் கடை

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பெர்க்லி தெருவில், செங்கல்லும் பழுப்புக் கல்லுமாக ஒரு பழைய மாளிகை இருக்கிறது. 1860-களில் வில்லியம் பிரஸ்டன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. பாடம் செய்த பறவைகளையும் எலும்புக்கூடுகளையும் கனிமங்களையும் காட்சிக்கு வைத்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அது. 1940-களில் கைமாறி உயர்தரத் துணிக்கடையானது. 2013-ல் ரெஸ்டோரேஷன் ஹார்டுவேர் நிறுவனம் அங்கே சரவிளக்கும் சோபாவும் விற்கத் தொடங்கியது.

அறிவு வளர்த்த இடத்தில் சோபாவா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே பிரஸ்டன் பக்கத்திலேயே எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்குக் கட்டிய கட்டடம் 1939-ல் இடிக்கப்பட்டுவிட்டது. பழைய கட்டடத்துக்குக் காசுள்ள குடித்தனக்காரர் கிடைப்பது பெரிய பாக்கியம்.

ஆனால் உண்மையான அதிசயம் தரைக்குக் கீழே. பேக் பே என்னும் இந்த வட்டாரம் ஒரு காலத்தில் கடல் ஏறி இறங்கும் சேற்றுவெளி. 1850-களின் பிற்பகுதியிலிருந்து, நீதம் என்ற ஊரில் வெட்டிய சரளை மண்ணை இரவும் பகலும் ரயிலில் கொண்டுவந்து கொட்டித் தூர்த்தார்கள். அந்த மண் கனத்த கட்டடங்களைத் தாங்காது. அதனால் மரத்தடிகளை நெருக்கமாக ஆழ அடித்து இறக்கி, அவற்றின் தலையில் கருங்கல் பாவி, அதன்மேல் சுவர் எழுப்பினார்கள். அருகிலுள்ள டிரினிட்டி தேவாலயத்துக்கு மட்டும் சுமார் 4,500 தடிகள்.

நூற்றைம்பது ஆண்டாக அவை எப்படி மட்காமல் இருக்கின்றன? மரத்தை உளுத்துப்போகச் செய்யும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். கடையில் இருக்கும் மேசையின் மரம் 8 சதவீத ஈரம் வரை உலர்த்தப்பட்டது. காற்று தாராளம், ஈரம் போதாது. கீழே உள்ள தடியோ நிலத்தடி நீரில் ஊறிக் கிடக்கிறது. ஈரம் தாராளம், ஆக்சிஜன் இல்லை. மேலே ஈரம் பட்டால் கேடு, கீழே காய்ந்தால் கேடு. (காற்றில்லாமலும் மரத்தை அரிக்கும் பாக்டீரியா உண்டு. அதற்கு அவசரம் கிடையாது.)

நிலத்தடி நீர் சற்று இறங்கினால் முதலில் நீருக்கு மேலே வருவது தடியின் தலைதான். பூஞ்சை கேட்ட இரண்டும் அங்கே கிடைத்துவிடும். நீர் இறங்கக் காரணம் வறட்சி மட்டுமல்ல. ஓட்டை விழுந்த சாக்கடைக் குழாய்களும் சுரங்கப்பாதைகளும் நீரைச் சத்தமில்லாமல் உறிஞ்சுகின்றன. சிமெண்ட் பூசிய தெரு, மழையை மண்ணுக்குள் விடுவதில்லை. 1929-ல் பாஸ்டன் பொது நூலகத்தின் சுவரில் விரிசல் கண்டு தோண்டிப் பார்த்தபோது, தடிகளின் தலை உளுத்திருந்தது.

இதற்கு வைத்தியம் உண்டு, செலவுதான் பயங்கரம். சுவருக்கடியில் கையால் குழி தோண்டி, உளுத்த தலையை அறுத்தெடுத்து, நல்ல மரத்தின்மேல் எஃகுத் தூண் நிறுத்திக் கான்கிரீட் போடுவார்கள். இப்போது நகரில் நூற்றுக்கணக்கான கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டத்தை அளக்கிறார்கள். 2006 முதல், இப்பகுதியில் பெரிய கட்டட வேலை செய்பவர்கள் மழைநீரை மண்ணுக்குள் இறக்கியாக வேண்டும் என்ற விதியும் உண்டு. பேக் பேயில் வீடு வாங்குகிற விவரமானவர்கள், தளவாடங்களைப் பார்ப்பதற்கு முன் அஸ்திவாரத்தருகே குழி தோண்டிப் பார்த்ததில் தடி நனைந்திருக்கிறதா என்று கேட்கிறார்கள்.