பதினொன்றால் வகுபடும் சாவி

பெங்களூரு பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் உதிரிபாகம் கடையும் சின்னப் பட்டறைகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எட்டுப் பேர், பத்துப் பேர் வேலை செய்யும் இடங்கள்தான். ஆனால் பெரிய கம்பெனியின் வரைபடம் கைக்கு வரும்போதே, அது வெளியே போகாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாக வேண்டும். அதனால் பேக்கப் எடுக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் இப்போது என்கிரிப்ஷன் போட்டுப் பூட்டி வைக்கிறார்கள். பஸ்ஸில் தவறவிட்டாலும் எடுத்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. நல்ல ஏற்பாடு. அதே டிஸ்க் ஒரு நாள் சொந்தக்காரருக்கே திறக்காமல் போகிறதே, அங்கேதான் சிக்கல். நான் பார்த்தவரை, டிஸ்க் தானாகக் கெட்டு அழிந்த கோப்புகளைவிட, பதற்றத்தில் எதையோ அழுத்தி அழிந்தவை அதிகம்.

அழுத்தக்கூடாத பொத்தான் எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்கும். லினக்ஸின் லக்ஸ் முறையிலோ வெராகிரிப்டிலோ பூட்டிய டிஸ்க்கை விண்டோஸில் செருகினால், டிஸ்க் நன்றாக இருந்தாலும் இப்படித்தான் கேட்கும். அந்தப் பூட்டு அதற்குப் புரியாது, அவ்வளவே. மேக் கணினியாக இருந்தால் "இனிஷியலைஸ்" செய்யட்டுமா என்று கேட்கும். இரண்டுக்கும் கேன்சல் கொடுங்கள்.

அடுத்து கேபிள். கடவுச்சொல்லைச் சந்தேகிப்பதற்கு முன் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். பழைய யுஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், யுஎஸ்பி 3 தருவது 900. சுழலும் டிஸ்க் கிளம்பும் நொடியில் அதைவிடக் கூடுதலாகவும் இழுக்கக்கூடும். ஹப் வழியாகவோ, நைந்த நீளக் கேபிளிலோ செருகினால் டிஸ்க் சுழன்று, நின்று, மறுபடி சுழலும். திரையில் பாஸ்வேர்டு பெட்டி வந்து மறையும். லேப்டாப்பிலேயே நேராக, குட்டைக் கேபிளில், வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். "டிக், டிக்" என்று சீராகச் சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். அது உள்ளே இருக்கும் இயந்திரத்தின் கோளாறு. ஒவ்வொரு முயற்சியும் சேதத்தைக் கூட்டும்.

சத்தமில்லை, ஆனால் மந்தமாக இருக்கிறதா? கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலை தெரியும். படிக்க முடியாத செக்டார்கள் இருந்தால், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ கொண்டு முழு டிஸ்க்கையும் இன்னொன்றில் படி எடுத்துவிட்டு, பழுதுபார்ப்பதை அந்தப் படியில் செய்ய வேண்டும். பூட்டியபடியே படி எடுக்கலாம், சாவி தேவையில்லை.

இனி சாவி. நாம் தட்டும் பாஸ்வேர்டு கோப்புகளை நேராகத் திறப்பதில்லை. பீரோச் சாவியை ஒரு சின்னப் பெட்டியில் வைத்துப் பூட்டி, அந்தப் பெட்டியை பீரோவின் மேலேயே வைத்ததுபோலத்தான் ஏற்பாடு. பாஸ்வேர்டு திறப்பது பெட்டியை. கோப்புகளைத் திறப்பது உள்ளே இருக்கும் சாவி. அந்தப் பெட்டி டிஸ்க்கிலேயே இருக்கிறது. விண்டோஸின் பூட்டு முறையான பிட்லாக்கர் அதை மூன்று இடங்களில் எழுதி வைக்கிறது. அதனால் ஒன்று பழுதானாலும், விண்டோஸோடு வரும் ரிப்பேர்-பிடிஇ கருவிக்குப் பிடி கிடைக்கும். லக்ஸில் அது டிஸ்க்கின் தொடக்கத்தில், ஒரே இடத்தில். அந்தப் பகுதி அழிந்தால் பாஸ்வேர்டு சரியாகத் தெரிந்தும் பயனில்லை. ஃபார்மட் வேண்டாம் என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான். லக்ஸ் பயன்படுத்துவோர் அந்தத் தொடக்கப் பகுதியை, அதாவது ஹெடரை மட்டும் தனியே ஒரு பென் டிரைவில் எடுத்துவையுங்கள். லக்ஸ் 2-இல் அது வழக்கமாக 16 எம்பிதான்.

பிட்லாக்கரில் பாஸ்வேர்டு மறந்தால் 48 இலக்க மீட்புச் சாவி இருக்கிறது. ஆறாறு இலக்கமாக எட்டுக் கட்டங்கள். ஒரு பட்டறையின் கணக்காளர் அதைப் பழைய டைரியில் எழுதி வைத்திருந்தார். "எண்ணெல்லாம் சரியா இருக்கு சார், ஆனா ஏத்துக்க மாட்டேங்குது" என்றார். ஜிஎஸ்டி கணக்கும் வரைபடங்களும் உள்ளே. அவர் எழுத்தில் 1-க்கும் 7-க்கும் வித்தியாசம் தெரியவில்லை. இங்கே ஒரு கணக்கு கைகொடுக்கும்: மீட்புச் சாவியின் ஒவ்வொரு கட்டமும் 11-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். ஒரு கட்டம் 401154 என்று வைத்துக்கொள்ளுங்கள், வகுபடாது. மூன்றாவது இலக்கத்தை 7 ஆக்கி 407154 என்று பாருங்கள், சரியாக 37014 வரும். எந்தக் கட்டமும் 720885-ஐத் தாண்டாது. ஆகவே 8-இலோ 9-இலோ தொடங்கினால் எழுதியதே பிழை. எட்டுக் கட்டங்களையும் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தோம். இரண்டு வகுபடவில்லை. திருத்தியதும் திறந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

வகுபட்டும் திறக்கவில்லையென்றால், அது வேறு பூட்டின் சாவியாக இருக்கலாம். லேப்டாப்புக்கு ஒரு சாவி, வெளி டிஸ்க்குக்கு வேறொன்று. சாவி கேட்கும் திரையில் ஓர் அடையாள எண் தெரியும். அதன் முதல் எட்டு எழுத்துகளை உங்களிடம் உள்ள தாளோடு ஒப்பிடுங்கள். வெளி டிஸ்க்கைப் பூட்டும்போது சாவியை அச்சிடவா, கோப்பாக வைக்கவா, மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கவா என்று விண்டோஸ் கேட்டிருக்கும். பலர் கோப்பாக்கி, அதே லேப்டாப்பில் விட்டுவிடுகிறார்கள்.

சாவி கைக்கெட்டாமல் போனால் என்ன ஆகும் என்பது 2024 ஜூலை 19 அன்று தெரிந்தது. அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் பிழையான ஒரு அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. பெங்களூரு விமான நிலையத்திலும் பயணிகள் வரிசையில் காத்துக்கிடந்தார்கள். பிழைக் கோப்பை நீக்கச் சில நிமிடம் போதும். ஆனால் பிட்லாக்கர் போட்ட கணினிகள் முதலில் மீட்புச் சாவியைக் கேட்டன. சாவிகளைச் சேமித்த சர்வரே முடங்கிய இடங்களில் வேலை இன்னும் இழுத்தது. அதற்குப் பிறகு, நான் போகிற பட்டறைகளில் சாவியை அச்சிட்டு, ஒரு தாள் முதலாளி வீட்டிலும் இன்னொன்று ஆடிட்டரிடமும் இருக்கும்படி செய்துவருகிறேன்.

டிக்டிக் சத்தம் வந்த டிஸ்க்கை மட்டும் தரவு மீட்பு ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். கூடவே சாவியையும் பொட்டலம் கட்டாதீர்கள். அவர்கள் பூட்டிய நிலையிலேயே செக்டார் செக்டாராகப் படி எடுக்க முடியும். கோப்புகளைச் சரிபார்க்கச் சாவி கேட்டால், "படியைக் கொடுங்கள், எங்கள் இடத்தில் திறந்து பார்த்துச் சொல்கிறோம்" என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டுக் காத்த வரைபடம் அப்போதும் உங்கள் பட்டறைக்குள்தான் திறக்கும்.