வாரக் கணக்கில் உருவாகும் மூளை

மரபணுவும் மூளையும் – 9

மனித மூளை உருவாகத் தொடங்குவது, கர்ப்பம் என்று தாய்க்கே தெரியவராத நாட்களில். கருத்தரித்த மூன்றாவது வாரம் கருவின் முதுகுப்புறத்தில் ஒரு பட்டை தடிக்கிறது. பாயின் இரண்டு ஓரங்களையும் தூக்கிச் சேர்த்ததுபோல அதன் ஓரங்கள் எழும்பி ஒட்டிக்கொள்ள, நரம்புக் குழல் உண்டாகிறது. அதன் மேல்பகுதி மூளையாகும், கீழ்ப்பகுதி தண்டுவடமாகும். 28ஆம் நாளுக்குள் இந்தக் குழல் மூடிவிட வேண்டும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணும் மருத்துவக் கணக்கில் இது ஆறாவது வாரம். அதாவது, நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம். மேல்முனை மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் முழுமையாக உருவாவதில்லை. கீழ்ப்பகுதி மூடாவிட்டால் குழந்தை முதுகுத்தண்டுப் பிளவோடு பிறக்கும்.

அடுத்த பெரிய வேலை நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை நடக்கிறது. வளர்ந்த மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உண்டு. சிந்தனைக்கும் மொழிக்கும் ஆதாரமான பெருமூளைப் புறணியின் நரம்பணுக்கள் அநேகமாக எல்லாமே பிறப்பதற்கு முன்பே உண்டாகிவிடுகின்றன. அவை பிறக்கும் இடம் வேறு, குடியிருக்கும் இடம் வேறு. மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகளின் சுவரையொட்டிப் பிறந்து, அகத்தியைப் பற்றி வெற்றிலைக் கொடி ஏறுவதுபோல, நீண்ட துணை அணுக்களின் இழைகளைப் பற்றி மேலே ஏறுகின்றன. முந்தி வந்தவை அடியடுக்கில் தங்க, பிந்தி வந்தவை அவற்றைத் தாண்டிப்போய் மேலடுக்கில் அமர்கின்றன. இப்படித்தான் புறணியின் ஆறு அடுக்குகளும் அமைகின்றன.

தரணி

இந்த ஏற்றத்தை அணு அணுவாகப் பார்க்க உதவும் வரைபடம் தென்சென்னையில் உருவானது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் அரை மணி நேரத்தில் வந்துவிடும் கிண்டியை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்தில், 2022இல் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் தொடங்கப்பட்டது. பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையிலான இந்த மையம், சென்னை மெடிஸ்கேன், சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றின் துணையோடும் வெளிநாட்டு ஆய்வாளர்களோடும் சேர்ந்து, 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற சிசு மூளைத் தொகுப்பை வெளியிட்டது.

14 முதல் 24 வாரம் வரை வளர்ந்த ஐந்து சிசு மூளைகள் இதற்குப் பயன்பட்டன. மூளையை உறையவைத்து, முடியின் தடிமனில் நான்கில் ஒரு பங்கான 20 மைக்ரான் அளவுக்குச் சீவுகிறார்கள். இவ்வளவு மெல்லிய சீவல் தொட்டால் கிழியும், சுருங்கும். எனவே ஒட்டும் நாடாவில் எடுத்துக் கண்ணாடித் தகட்டுக்கு மாற்றி, சாயமேற்றிப் படமெடுக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் நீளம் திரையில் 2,000 புள்ளிகளாக விரிகிறது. தனித்தனி அணு தெரிகிறது. இப்படி எடுத்த 5,132 சீவல்களின் படங்களை உலகின் எந்த ஆய்வாளரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் ஆலன் நிறுவனம் 2014இல் நான்கு சிசு மூளைகளை ஆராய்ந்து, எந்தப் பகுதியில் எந்த மரபணு இயங்குகிறது என்ற வரைபடத்தை வெளியிட்டிருந்தது. எந்த வாரத்தில் எந்த அணு எங்கே நிற்கிறது என்பதைத் தரணி காட்டுகிறது. இரண்டையும் அருகருகே வைத்தால், ஒரு மரபணு பழுதாகும்போது எந்த வேலை எந்தக் கட்டத்தில் நின்றுபோகிறது என்று தேட முடியும்.

யார் வழி வந்தது?

அப்படித் தேடுவதற்கு உதாரணங்கள் ஏற்கெனவே உண்டு. ஏ.எஸ்.பி.எம். என்ற மரபணுவின் பங்கு 2002இல் தெரியவந்தது. அது பழுதானால் நரம்பணுக்களை ஈனும் தாயணுக்கள் சரியாகப் பிரிவதில்லை, மூளை சிறுத்துவிடுகிறது. இந்தக் குறை வர, தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வர வேண்டும். உறவுக்குள் நடக்கும் திருமணத்தில் இந்த வாய்ப்பு கூடுகிறது. மாமன் மகளும் அத்தை மகனும் தங்கள் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். அக்காள் மகளும் தாய்மாமனும் நான்கில் ஒரு பங்கு. பொதுவாக நூற்றில் இரண்டு, மூன்று குழந்தைகள் பிறவிக் குறையோடு பிறக்கின்றன. மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் இது நூற்றுக்கு நான்கு முதல் ஆறாகிறது. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே குறையோடு ஒரு குழந்தை பிறந்திருந்தால் மரபியல் ஆலோசனை அவசியம்.

எல்.ஐ.எஸ்.1 மரபணுவின் கதை வேறு. அது பழுதானால் அணுக்கள் பிறக்கின்றன, மேலே ஏறுவதில்லை. மூளை மடிப்புகளின்றி வழவழப்பாகிறது. இந்தப் பழுது பெரும்பாலும் தாயிடமும் இல்லை, தந்தையிடமும் இல்லை. அந்தக் குழந்தையில் புதிதாகத் தோன்றியது. மரபணுக் குறை என்றதும் ‘யார் வழி வந்தது’ என்று கேட்டு மருமகளைக் குற்றவாளியாக்கும் வீடுகளுக்கு இந்த ஒரு செய்தியே போதும்.

ஐந்தாம் மாத ஸ்கேன்

குரோம்பேட்டையிலோ தாம்பரத்திலோ ஜி.எஸ்.டி. சாலையோர ஸ்கேன் மையம் ஒன்றில் ஐந்தாம் மாதம் எடுக்கும் ‘அனாமலி ஸ்கேன்’ அறிக்கையில் மூளைக்கென்று சில வரிகள் இருக்கும். ‘டி.சி.டி.’ என்பது சிறுமூளையின் அகலம். இந்தக் கட்டத்தில் அது ஏறத்தாழ வாரத்துக்கு ஒரு மில்லிமீட்டர்: 20 வாரச் சிசுவுக்கு 20 மில்லிமீட்டர். மூளை அறையின் அகலம் 10 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கூடினால் மேல்பரிசோதனை தேவைப்படும்.

ஸ்கேனுக்கும் எல்லை உண்டு. 20ஆம் வாரத்தில் எல்லாச் சிசுக்களின் மூளையும் ஏறத்தாழ வழவழப்பாகத்தான் இருக்கும். ஆகவே மடிப்பு விழாத குறையை அப்போது உறுதிப்படுத்த முடியாது. கருக்கலைப்புச் சட்டமோ வாரக் கணக்கில் இயங்குகிறது. 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தும் போதும். அதன்பின் கடும் குறை இருந்தால் மருத்துவக் குழுவே முடிவு செய்யும். ஸ்கேனைத் தள்ளிப்போடுவது யோசிக்கும் நாட்களையும் சேர்த்தே குறைத்துவிடுகிறது.

மாத்திரையின் நேரம்

நரம்புக் குழல் மூடுவதற்குத் துணைசெய்வது ஃபோலிக் அமிலம். அந்தக் குழல் மூடாத குறையுள்ள கருவை ஏற்கெனவே சுமந்த பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 1991இல் வெளியானது. கருத்தரிக்கும் முன்பிருந்தே இந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களிடம் குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்திருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான்காம் மாதம் முதல் தரும் இரும்புச்சத்து மாத்திரையிலும் ஃபோலிக் அமிலம் உண்டு. அது ரத்தச்சோகைக்கு உதவும். நரம்புக் குழலோ அதற்கு வெகுமுன்பே மூடியிருக்கும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் மாத்திரையைத் தொடங்க வேண்டும். வலிப்பு நோய்க்கு வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண்கள் தாமாக நிறுத்தாமல், கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி மாற்று மருந்து கேட்க வேண்டும்; வால்ப்ரோயேட் நரம்புக் குழலைப் பாதிக்கக்கூடியது.

பிறந்த பிறகும் வாரக் கணக்கு முடிவதில்லை. முதல் சில ஆண்டுகளில் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் வேகமாகப் பெருகி, பயன்படுபவை நிலைக்கின்றன. பயிற்சிக்கு மூளை நன்றாக இணங்குவது இந்தக் காலத்தில்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005இல் அமைந்த பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்தில் இதற்கென ஆரம்பகாலப் பயிற்சிகள் உண்டு. நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்காத குழந்தையை ‘மெதுவாக வரும்’ என்று வீட்டிலேயே வைத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

(தொடரும்)