உஷார்! சரக்கு கப்பலேறும், கரிக்கணக்கு நம் தலையில் விழும்

சென்னைக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் ஓய்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியில் ஒருமுறை, 2023 செப்டம்பரில் ஒருமுறை தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைத்தது ரத்தாகிவிடாது.

எல் அண்டு டி கட்டிய அந்தத் துறைமுகம் 2018இல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. திட்டம் என்ன தெரியுமா? 330 ஏக்கர் 6,111 ஏக்கராக வேண்டும். ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டன்னுக்கும் குறைவாக இருக்கும் சரக்குத் திறன் 32 கோடி டன்னாக வேண்டும். அதற்காக ஏறக்குறைய 2,000 ஏக்கர் கடலைத் தூர்ப்பார்கள். பழவேற்காட்டு மீனவர்கள் முகத்துவாரம், மண் அரிப்பு, மீன்பாடு என்று பேசி வருகிறார்கள். நியாயமான பயம். அதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பேசியாக வேண்டும்: கரியமில வாயு.

பக்கத்திலேயே பாருங்கள். எண்ணூர் காமராஜர் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டதே முக்கியமாக அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கத்தான். வல்லூரில் மட்டும் 1,500 மெகாவாட். நல்ல கரி ஒரு டன் எரிந்தால் இரண்டு டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். அந்த மின்சாரமும் சேர்ந்து ஓட்டுகிற தொழிற்சாலைகளில், வெளிநாட்டு முதலீட்டில் உருவான கார்கள் அதே துறைமுகத்திலிருந்து கப்பலேறுகின்றன. காரை ஓட்டுபவர் வேறு நாட்டில் இருக்கிறார். அதைச் செய்தபோது வந்த புகையோ இந்தியாவின் கணக்கில் ஏறுகிறது. சாம்பல் கொசஸ்தலை ஆற்றோரம் கிடக்கிறது. நாடு விட்டு நாடு போகும் கப்பலின் புகை எந்த நாட்டின் கணக்கிலும் சேராது. உலக உமிழ்வில் சுமார் 2 சதவீதம் அப்படிக் கேட்பாரில்லாமல் கிடக்கிறது!

ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் இரும்பு, அலுமினியம், சிமென்ட் போன்ற இறக்குமதிக்கு கார்பன் கட்டணம் விதிக்கிறது. நல்லதுதானே என்று தோன்றும். அந்தப் பணம் ஐரோப்பாவின் கஜானாவுக்குப் போகும். புகை வந்த ஊருக்கு ஒரு பைசாவும் வராது.

அந்நிய முதலீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சூரிய மின்சாரத்துக்கும் காற்றாலைக்கும் அதுவும் வழி திறந்திருக்கிறது. கரியைச் சுமந்து வரும் முதலீட்டையும் கரியைக் குறைக்கும் முதலீட்டையும் ஒரே தட்டில் வைப்பதைத்தான் எதிர்க்கிறேன். காட்டுப்பள்ளிப் பக்கத்துச் சதுப்பு நிலமும் அலையாத்தியும் சேற்றுக்குள் கார்பனைப் பூட்டி வைத்திருக்கின்றன. தோண்டினால் அதுவும் வெளியே வரும்.

ஆகவே கூட்ட அறிவிப்பு எந்த நேரமும் வரலாம் என்று விழிப்பாக இருங்கள். 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிப்படி குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஆய்வறிக்கைச் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள். வந்துபோகும் கப்பல்கள், இறக்கும் கரி, தூர்க்கும் சதுப்பு மூன்றுக்கும் உமிழ்வுக் கணக்கு எங்கே என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் கேளுங்கள். கூட்டத்துக்குப் போக முடியாதவர்களும் எழுதி அனுப்பலாம்.