கல்லில் கட்டிய மாடு

நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கட்டுத்தரைக்குக் கான்கிரீட் போட்டேன். நல்ல காரணத்துக்காகத்தான் போட்டேன். ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் கரைக்க 10 கிலோ சாணமும் 10 லிட்டர் கோமியமும் வேண்டும். சாணத்துக்குக் குறைவில்லை. கோமியத்தை மட்டும் மண்தரை குடித்துவிடும். விடிகாலையில் வாளியோடு மாட்டின் பின்னால் நின்று நின்று அலுத்துப்போய், தரையைப் பூசி, வாய்க்கால் எடுத்து, கடைசியில் ஒரு தொட்டியும் கட்டினேன். தொட்டி நிறைந்ததைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை.

அம்மா மட்டும் ஒன்று சொன்னார்கள்: "மண்ணுல படுத்த மாட்டக் கல்லுல கட்டிப்போட்டயே கண்ணு. நீ ஒரு ராத்திரி அதுல படுத்துப் பாரு." நான் காதில் வாங்கவில்லை.

எங்களிடம் இருப்பவை பர்கூர் மலை மாடுகள். நான்கு பசு, ஒரு சோடி எருது. அதில் மாரி என்ற பசு ஏழு மாதச் சினையாக இருந்தபோது, ஐப்பசி மழையில் ஒரு காலை எழ முயன்று வழுக்கி விழுந்தது. மூன்று முறை எழுந்து மூன்று முறையும் விழுந்தது. சாக்கை விரித்து, மண்ணள்ளிப் போட்டு, நான்கு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தினோம். மார்கழியில் கன்று நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் மாரியின் முன்முட்டி இரண்டும் தேங்காய்போல வீங்கி நின்றன. இன்றுவரை அது சற்றே நொண்டித்தான் நடக்கிறது.

இது ஏன் என்று பிறகுதான் கவனித்தேன். குதிரை முன்கால்களை ஊன்றி எழும். மாடு பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். அந்த நேரம் பாரமெல்லாம் முன்முட்டிகளில் இறங்கும். ஒரு மாடு நாளில் 10 மணி நேரத்துக்கு மேல் படுக்கும், அதற்குள் பலமுறை எழுந்து எழுந்து படுக்கும். அத்தனை முறையும் முட்டி கல்லில் இடிக்கிறது. வலிக்குப் பயந்து மாடு படுப்பதைக் குறைத்தால் அசைபோடுவதும் குறையும், பாலும் குறையும், குளம்பும் கெடும்.

சரி, மேட் போடுவோம் என்று இறங்கினேன். முதலில் விலை குறைந்த, பஞ்சு போன்ற லேசான மேட் ஒன்று வாங்கினேன். தூக்கச் சுலபமாக இருந்தது, அதுவே அதன் குறை. கோமியம் அடியில் போனதும் மேட்டே வழுக்கி நகர்ந்தது. ஓரம் சுருண்டது, கன்று கடித்துத் தின்னப் பார்த்தது. நான்கு மாதத்தில் குப்பைக்குப் போனது.

அடுத்து, கல் உடைக்கும் ஆலையில் கழித்துப்போட்ட பழைய பெல்ட். விலை மலிவு, உழைப்பும் அதிகம். ஆனால் மேல்பக்கம் வழவழப்பு, ஈரம் பட்டால் கான்கிரீட்டைவிட மோசம். வெட்டிய ஓரத்தில் நூல் பிரிகிறது, அதை மாடு மெல்லும். மெத்தென்றும் இல்லை. பாதை, வாசல்படி ஓரம் போட ஆகும், படுக்கைக்கு ஆகாது. இரசாயனம் சுமந்த பெல்ட்டாக இருந்தால் கட்டுத்தரைக்குள்ளேயே விடாதீர்கள்.

அந்த ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனேன். அங்கே குதிரை கட்டியிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருடைய லாயத்திலும் கான்கிரீட்தானாம். "மேட்டு மெத்தை இல்லீங்க தம்பி. அது மெத்தைக்கு அடியில போடறது. அதுக்கு மேல நாலு விரக்கடை வைக்கோலாச்சும் வேணும். மேட்டு வாங்கிட்டோம்னு வைக்கோல நிறுத்துனா காலு போயிரும்" என்றார். எனக்குக் கண் திறந்தது அங்கேதான்.

பிறகு கனமான ரப்பர் மேட் இரண்டு மட்டும் வாங்கினேன், மாரிக்கு ஒன்று, சினை மாட்டுக்கு ஒன்று. இரண்டுமுறை ஏமாந்த அனுபவத்தில் நான் பார்த்தவை இவை:

எடை: ஆறரை அடிக்கு நான்கடி, 15 மில்லிமீட்டர் கனம் என்றால் நல்ல ரப்பர் 40 கிலோவாவது இருக்கும். கடையிலேயே தராசில் வைக்கச் சொல்லுங்கள். 25 கிலோதான் என்றால் கனத்திலோ சரக்கிலோ குறை இருக்கிறது.

மேல்பக்கம், அடிப்பக்கம்: மேலே சொரசொரப்பு வேண்டும். ஆனால் முட்டியைத் தேய்க்கும் அளவுக்குக் கூர்மை கூடாது. அடியில் பள்ளமோ குமிழோ இருந்தால்தான் நீர் வடியும், அமுங்கியும் கொடுக்கும்.

ஓரம்: வெட்டிய ஓரத்தை விரலால் தடவுங்கள். டயர்க் கம்பி, நூல் தட்டுப்பட்டால் வேண்டாம். மூக்கைத் துளைக்கும் நாற்றம் இருந்தாலும் வேண்டாம்.

முட்டிச் சோதனை: மேட்டின் மேல் நின்றபடியே சட்டென்று மண்டியிட்டுப் பாருங்கள். உங்களுக்கு வலித்தால் மாட்டுக்கும் வலிக்கும். கட்டுத்தரையில் விரித்தபின் கொஞ்சநேரம் மண்டியிட்டிருங்கள். வேட்டி நனைந்தால் படுக்கை ஈரம் என்று பொருள்.

போடும்போது சுவரோரம் அரை அங்குலம் இடைவெளி விடுங்கள், வெயிலில் ரப்பர் விரியும். தரைச்சரிவு நாற்பதடிக்கு ஓரடி வீதம், அதாவது ஆறடிக்கு ஏறத்தாழ ஒன்றேமுக்கால் அங்குலம் இருக்கட்டும். வாரம் ஒருமுறை இரண்டு பேர் தூக்கி அடியைக் கழுவுங்கள். இல்லாவிட்டால் நாற்றமும் ஈயும்தான் மிச்சம்.

மற்ற மாடுகளுக்கு? கடப்பாரையை எடுத்தேன். மாடு படுக்கும் இடத்தில் கான்கிரீட்டை உடைத்து, செம்மண் கொட்டி, நீர் தெளித்துத் திமுசு போட்டு இறுக்கினேன். பின்னங்கால் பக்கம் இரண்டடியும் வாய்க்காலும் மட்டும் கான்கிரீட்டாகவே விட்டேன். பசுவின் கோமியம் விழுவது அங்கேதானே! எருதுகளுக்கு இது ஒத்துவராது, அவை வயிற்றுக்கு நேர்கீழே விடும். அவற்றுக்கு நார்க்கழிவும் கடலைத்தோலும் பரப்புகிறேன். குடித்த ஈரத்தோடு அது எருக்குழிக்குப் போகிறது. அந்த எரு சாணம் மட்டும் போட்ட எருவைவிடப் பொலபொலவென்று வருகிறது.

நான் விசாரித்தபோது ஒரு ரப்பர் மேட் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். ஆறு மாட்டுக்கும் வாங்கியிருந்தால் பன்னிரண்டாயிரம் தாண்டும். வண்டி மண்ணும் மூன்று நாள் உழைப்பும் அதைவிட மலிவு. ரப்பர் ஒருநாள் தேயும், மக்காது. தேய்ந்ததை என் தோட்டத்தில்தான் எங்காவது வைத்தாக வேண்டும். நோயாளி மாட்டுக்கும் சினை மாட்டுக்கும் அது மருந்து, மற்ற மாடுகளுக்கு மண்ணே போதும்.

புதிதாகக் கட்டுத்தரை போடப்போகிற உழவர்களுக்கு ஒன்று சொல்வேன். முழுத்தரையையும் பூசாதீர்கள். ஏற்கெனவே பூசிவிட்டீர்களா, மேட் வாங்கும் முன் இன்றிரவு ஒரு மணி நேரம் அந்தத் தரையில் நீங்கள் படுத்துப் பாருங்கள். அம்மா சொன்னதை நான் அன்றே கேட்டிருந்தால் மாரி இன்று நொண்டாமல் நடந்திருக்கும்.